அப்பாவின்ர வில்லுக்கத்தியும் 3 இஞ்ச் சட்டமும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் லண்டன் ஹரோவில இருந்து எழுதுறன். கடைக்குச் சாமான் வாங்கப் போகேக்க கிழமைக்குக் கிழமை உங்கட பேப்பரை எடுத்து வந்து வாசிக்கிறனான், ஆனால் கடிதம் எழுதுறது இதுதான் முதல்தரம். என்ர பெறாமகனுக்கு, அண்ணையின்ர மகனுக்கு, பொக்கற்றில வச்சிருந்த ஒரு கத்தியால நடந்த விசயம்தான் எழுத வச்சது. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அது நடக்காமல் இருக்க வேணும், அவ்வளவுதான்.

முதல்ல என்ர பொக்கற்றில இருக்கிறதைச் சொல்லிப்போட்டு வாறன். அது எங்கட அப்பாவின்ர வில்லுக்கத்தி, மடக்கி வைக்கிற கத்தி. எலும்புப் பிடி, வெள்ளையா இருந்தது கை பட்டுப் பட்டு மஞ்சளாகி இப்ப பழுத்த பனங்கொட்டை நிறத்துக்கு வந்திட்டுது. அலகின்ர அடியில ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும், பக்கத்தில ஜோசப் றொட்ஜர்ஸ், ஷெஃபீல்ட் எண்டு பொறிச்சிருக்கு, அரைவாசி எழுத்து தேஞ்சு போச்சு. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில ஷெஃபீல்டில செஞ்ச கத்தியள் கப்பலேறி உலகம் முழுக்கப் போனது, அப்பிடி ஒண்டுதான் இதுவும், அப்பாவுக்கு அவற்ற பெரியப்பா குடுத்தது. அப்பா கிணத்தடியில உடுப்புத் தோய்க்கிற கல்லில தண்ணி விட்டுத் தீட்டித் தீட்டி அலகே ஒடுங்கிப் போச்சு. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒண்டை எடுத்தார் எண்டால் காம்படியில தொடங்கி அடி வரைக்கும் தோல் ஒரே நாடாவா, அறாமல் வரும், நாங்கள் நாலு பிள்ளையளும் திண்ணையில குந்தி இருந்து தோல் எப்ப அறும் எண்டு பாத்துக்கொண்டிருப்பம், ஒருநாளும் அறுந்ததில்லை. பனங்கிழங்குக்குத் தும்பு வாரவும் அதுதான், தென்னம்பிள்ளைக்கு வேலி கட்டேக்க கயிறு அறுக்கவும் அதுதான்.

1995 ஒக்டோபர் 30, யுத்தத்தில யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில எழும்பி நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்குப் போன அண்டைக்கும் அது அப்பாவின்ர சாரத்து மடியிலதான் இருந்தது. மழை, சனம் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கொண்டு அடிக்கு அடி நகருது, விடியக்காலமை கைதடியில ஒரு மதிலோட ஒதுங்கி நிண்டு அம்மா சுத்தி எடுத்து வந்த ஒரு றாத்தல் பாணை அந்தக் கத்தியால எட்டுப் பேருக்கு அளந்து வெட்டினவர். எனக்கு இப்பவும் அந்தக் கை தெரியும். 2011இல அப்பா செத்தாப்பிறகு அம்மா அதை என்னட்டத் தந்தவ, நான் பெட்டிக்குள்ள உடுப்போட வச்சு, கையில கொண்டுபோற பாக்கில இல்லாமல், லக்கேஜில போட்டுக் கொண்டுவந்தனான்.

கொண்டு வந்து ரெண்டு வருசமா லாச்சிக்குள்ளதான் கிடந்தது. இஞ்ச கத்தி எண்டால் பொலிஸ், கோட்டு எண்டு பயம், எடுத்து வெளியில கொண்டு போக மனம் துணியேல்லை. எனக்குச் சட்டத்தைச் சொல்லித் தந்தது ஒரு சொலிசிற்றரும் இல்லை, அலொட்மெண்டில, அதாவது வாடகைக்கு எடுக்கிற தோட்டக் காணியில, எனக்குப் பக்கத்துத் துண்டில கிழங்கு போடுற வெள்ளைக்காரக் கிழவர். நான் அவரைக்காய்க்கு நூல் கட்ட வீட்டுக் கத்தரிக்கோலோட மல்லுக்கட்டுறதைப் பாத்துப்போட்டு தன்ர பொக்கற்றில கையை விட்டு ஒரு மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினார், பாத்தால் அப்பாவின்ரயைப் போலவே, நட்சத்திரமும் சிலுவையும். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. அப்பதான் அவர் கத்தியை விரிச்சு, அலகின்ர முதுகில ஒரு விரலை வச்சு மெல்ல அமத்திக் காட்டினார். டக் எண்டு மடங்கிச்சுது. "ஒண்டையும் அமத்தாமல், ஒண்டையும் இழுக்காமல் இப்பிடி மடங்க வேணும், வெட்டுற விளிம்பு 3 இஞ்சுக்கு மேல போகக் கூடாது, ரெண்டும் சரி எண்டால் நீ இதை எங்கயும் கொண்டு போகலாம்" எண்டார். வீட்டை வந்து அப்பாவின்ரயை அளந்து பாத்தன், ரெண்டரை இஞ்சும் கொஞ்சமும். விரிச்ச அலகை மடங்க விடாமல் பூட்டுற லொக் கிடையாது, உள்ளுக்குள்ள ஒரு வில்லுத் தகடு மட்டும்தான் பிடிச்சு வச்சிருக்கு, அதுதானே எங்கட ஆக்கள் வில்லுக்கத்தி எண்டுறது.

அந்தக் கிழவர் சொன்னதை பிறகு நானே தேடி வாசிச்சன். 1988ஆம் ஆண்டின்ர கிரிமினல் ஜஸ்டிஸ் ஆக்ட், 139ஆம் பிரிவு. பொது இடத்தில கூரான அலகுள்ள சாமான் வச்சிருக்கிறது குற்றம், ஆனால் மடக்குற பொக்கற் கத்தியை அதில இருந்து விலக்கி வச்சிருக்கினம், வெட்டுற விளிம்பு 3 இஞ்ச், அதாவது 7.62 சென்ரிமீற்றர், அதைத் தாண்டாமல் இருந்தால். இதில லொக் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதாலதான் கனபேர் ஏமாந்து போகினம். ஹாரிஸ் எண்ட ஒராளின்ர வழக்கில ஹை கோட்டு சொல்லிப்போட்டுது, பட்டன் அமத்தியோ தகட்டைத் தள்ளியோ மடக்க வேண்டிய கத்தி எண்டால் அது மடக்குக் கத்தியே இல்லை, நேர்க் கத்தி மாதிரித்தான் எண்டு. 1998இல அப்பீல் கோட்டும் அதையே உறுதியாச் சொன்னது. அப்ப லொக் உள்ள கத்தி ஒரு இஞ்ச் எண்டாலும் காரணம் சொல்ல வேணும், அந்தக் காரணத்தை நிரூபிக்கிறதும் எங்கட பொறுப்பு. மறந்துபோய் பொக்கற்றில கிடந்தது எண்டது மட்டும் காணாது. சொந்தக் காருக்குள்ள, கிளவ் பொக்ஸில கிடந்தாலும் கார் ரோட்டில நிண்டால் அது பொது இடம்தான்.

இப்ப பெறாமகன்ர விசயத்துக்கு வாறன். படிக்க வந்த பொடியன், வந்து அப்ப ரெண்டு வருசம், பின்னேரங்களில ஒரு கடையில வேலை. கடையில சாமான் பொக்ஸ் உடைக்கிறதுக்கு மார்க்கற்றில ஒரு கத்தி வாங்கி இருக்கிறான், ஒரு கையால திறக்கிறது, திறந்தவுடன லொக் விழும். அலகு ரெண்டரை இஞ்ச், அப்பாவின்ரயை விட ஒரு நூல் சின்னன் எண்டுதான் சொல்ல வேணும். அவனுக்கு 3 இஞ்ச் எண்ட கதை தெரியும், கூட வேலை செய்யிற பொடியங்கள் சொல்லி இருக்கிறாங்கள், லொக் கதை ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், அதே ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு சிநேகிதனைப் பாக்கப் போய் இரவு பத்து மணிக்கு ரெயில் ஸ்டேசனால வெளியில வரேக்க பொலிஸ் மறிச்சு சோதிச்சிருக்கு. ஏன் வச்சிருக்கிறாய் எண்டு கேக்க, பயத்தில அவனுக்கு வாயில வந்தது "சேஃப்டிக்கு" எண்டதுதான். அவன் சொல்ல வந்தது லொக் இருக்கிறபடியால் பொக்ஸ் வெட்டேக்க அலகு திரும்பி விரலை வெட்டாது, அது சேஃப்டியான கத்தி எண்டு. பொலிசுக்குக் கேட்டது தன்ர பாதுகாப்புக்குக் கத்தி வச்சிருக்கிறான் எண்டு. ஐயா, இதை விட மோசமான ஒரு பதில் இல்லை. 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, ஆருக்கும் காயம் செய்யிற எண்ணத்தோட எதை வச்சிருந்தாலும் அது ஆயுதம்தான் எண்டு, அதில 3 இஞ்ச் விலக்கும் இல்லை ஒண்டும் இல்லை, என்ர அப்பாவின்ர கத்தியையே நான் பாதுகாப்புக்கு எண்டு சொல்லி வச்சிருந்தால் அந்த நிமிசமே என்னைப் பிடிக்கலாம்.

விலங்கு போட்டு பொலிஸ் ஸ்டேசனுக்குக் கொண்டு போய், விடிய விட்டவை, ஆனால் விசாரணை முடியேல்லை எண்டு சொல்லித்தான் விட்டவை. அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசமும் பொடியன் ஒழுங்காச் சாப்பிடேல்லை, விசா போயிடுமோ, ஊரில காணி ஈடு வச்சுக் கட்டின காசு போயிடுமோ எண்டு, என்ர அண்ணை யாழ்ப்பாணத்தில இருந்து ஒவ்வொரு இரவும் ஃபோன் எடுத்து அழுவார், எனக்கு அவருக்குச் சொல்ல ஒரு மறுமொழியும் இல்லை. இந்தக் குற்றத்துக்கு நாலு வருசம் வரைக்கும் உள்ளுக்குப் போடலாம், ரெண்டாந்தரம் பிடிபட்டால் வளந்த ஆளுக்கு ஆகக் குறைஞ்சது ஆறு மாசம் எண்டு சட்டம் இருக்கு. கடைசியில கடை முதலாளி எழுதிக் குடுத்த கடிதமும், வேலை நேரம் போட்ட ரோட்டா பேப்பரும், கத்தியில ஒட்டியிருந்த செலோரேப் பிசினும்தான் அவனைக் காப்பாத்தினது எண்டு நான் நினைக்கிறன், மேற்கொண்டு நடவடிக்கை இல்லை எண்டு ஈமெயில் வந்தது. கத்தி திரும்பி வரேல்லை, வர வேணும் எண்டு நாங்கள் கேக்கவும் இல்லை.

பொலிசை நான் குறை சொல்லேல்லை. இந்த ஊரில கத்தியால எத்தினை பிள்ளையள் போயிட்டுதுகள், எங்கட தமிழ்ப் பிள்ளையளும் போயிருக்கினம், ஒரு தாயின்ர முகத்தைப் பாத்தால் சோதிக்க வேண்டாம் எண்டு ஆரும் சொல்ல மாட்டினம். நான் குறை சொல்லுறது எங்களைத்தான். இருவத்தஞ்சு வருசமா இஞ்ச இருக்கிறன், வாற பொடியங்களுக்கு பாங்க் எக்கவுண்ட் எப்பிடித் திறக்கிறது, எந்தக் கடையில அரிசி மலிவு எண்டெல்லாம் சொல்லிக் குடுத்தனான், இதை ஒருநாளும் சொன்னதில்லை. எங்கட ஆக்களில எத்தினை பேர் கடை வச்சிருக்கினம், பதினெட்டு வயசுக்குக் குறைஞ்சவைக்கு வீட்டுக் கத்தி விக்கக் கூடாது எண்டது எல்லாக் கடைக்காரருக்கும் பாடம், ஆனால் அதே கடையில பொக்ஸ் உடைக்கிற பொடியன்ர பொக்கற்றில என்ன கிடக்குது எண்டு பாக்கிறேல்லை. வேலைக் கத்தி வேலை இடத்திலயே ஒரு கொழுக்கியில தொங்கட்டும், வேலை முடிய அங்கயே விட்டிட்டு வரட்டும்.

சுவிஸில இருந்து வாற சொந்தக்காரர் எல்லாரும் பொடியங்களுக்குச் சிவப்புக் கத்தி கொண்டு வருவினம், எங்கட வீட்டிலயே மூண்டு இருக்கு. அதில சாதாரணமா எல்லாரும் வாங்குற 91 மில்லிமீற்றர் விக்டோரினொக்ஸ் லொக் இல்லாதது, அலகும் 3 இஞ்சுக்கு உள்ள, பிரச்சினை இல்லை. அதே கொம்பனியின்ர பெரிசு, 111 மில்லிமீற்றர், அது பலதில லொக் இருக்கு. குறடு மடிஞ்சு வாற மல்ரிரூல் கனத்திலயும் அலகு லொக் ஆகும். பிரான்சில இருந்து மரப்பிடி போட்ட ஒப்பினெல் கொண்டு வருவினம், வடிவான கத்தி, ஆனால் கழுத்தில சுத்துற வளையம் இருக்குதெல்லே, அது லொக், எட்டாம் நம்பர் அலகும் எட்டரை சென்ரிமீற்றர், ரெண்டு வழியிலயும் பிழை. அங்க அவைக்குச் சரி, இஞ்ச எங்களுக்குச் சரியில்லை. வீட்டில, தோட்டத்தில வச்சுப் பாவியுங்கோ. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எதையும், எவ்வளவு சின்னன் எண்டாலும், குடுத்து விடாதேங்கோ, பள்ளிக்கூடம் தன்ர விதிப்படி பிள்ளையை நிப்பாட்டிப்போடும். கோட்டுக்குப் போறது, பிளேன் ஏறுறது எண்டால் நானும் அப்பாவின்ரயை வீட்டில வச்சிட்டுத்தான் போறனான்.

ஆரும் பிடிபட்டால் சின்னன் எண்டு நினைச்சு வாயால எல்லாத்தையும் விளங்கப்படுத்த வெளிக்கிடாதேங்கோ. பொலிஸ் ஸ்டேசனில டியூட்டி சொலிசிற்றர் எண்ட வக்கீல் காசில்லாமல் வருவார், தமிழில கதைக்கிற ஆளையும் காசில்லாமல் கேக்கலாம், இதுக்கு வெக்கப்பட ஒண்டும் இல்லை. றோட்டில சோதிச்சதைப் பொலிஸ் பதிஞ்ச பேப்பரை மூண்டு மாசத்துக்குள்ள கேட்டு வாங்கலாம். பெறாமகனுக்கு இது ஒண்டும் தெரியாமல் முதல் ரெண்டு மணித்தியாலம் அவன் தன்ர உடைஞ்ச இங்கிலிசில தானே கதைச்சிருக்கிறான்.

ஐயா, நான் உங்களிட்டக் கேக்கிறது ஒண்டுதான். உங்கட பேப்பரில ஒரு மூலையில ஒரு பெட்டி போட்டு, 7.62 சென்ரிமீற்றருக்கு உண்மையான நீளத்தில ஒரு கோடு கீறி, கத்தியை விரிச்சு அதில வச்சுப் பாக்கக் கூடிய மாதிரி, அதுக்குக் கீழ லொக் இருக்கக் கூடாது எண்டதையும் பாதுகாப்புக்கு எண்டு வச்சிருக்கக் கூடாது எண்டதையும் தமிழில பெரிசாப் போடுங்கோ. வக்கீல்மார் ஒராளிட்டக் காட்டிச் சரி பாத்துப் போட்டால் இன்னும் நல்லம். அதை நான் என்ர செலவில ஐநூறு கொப்பி அடிச்சு ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம் பக்கத்துக் கடையளிலயும் கோயில் நோட்டீஸ் போட்டிலயும் ஒட்டுறன், பெறாமகனும் வாறன் எண்டு சொல்லி இருக்கிறான், சனிக்கிழமையள் எங்களுக்கு லீவுதான்.

இப்படிக்கு
உங்கட வாசகன்,
ஹரோ