பாலூட்டும் அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆகஸ்டு முதல் வாரத்திலும், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டித் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா ஏடுகளும் தாய்ப்பாலின் மேன்மையைப் பற்றி எழுதுகின்றன. அவற்றில் சொல்லப்படுவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அக்கட்டுரைகளோடு அச்சாகும் படங்களில் பெரும்பாலும் ஒரு தாயும் ஒரு குழந்தையுமே இருப்பதைக் கவனித்து வருகிறேன். அந்தத் தாய்க்கு மூத்த பிள்ளை ஒன்று இருந்தால், அது அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்ற கேள்வி படம் வரைந்தவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறை கட்டியவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. ஐந்து வயது மூன்று மாதமான மகனுக்கும் பத்து மாத மகளுக்கும் தாயான எனக்கோ, வீட்டு வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் முதலில் எழுவது அந்தக் கேள்விதான். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் தனியார் பள்ளியொன்றில் தொடக்க வகுப்பு ஆசிரியையாக இருந்து, இரண்டாவது பிரசவத்தோடு வேலையை விட்டவள். கணவர் திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்கெழுதுகிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை இரவு வந்து, ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். மாமியார் உடனிருக்கிறார். முழங்கால் வலிக்காரர் என்பதால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அவரால் முடியுமே தவிர, ஓடுகிற பையனைத் துரத்திப் பிடிக்க ஆகாது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. எங்கள் தெருவில் பல வீடுகளின் நிலை இதுதான்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தூளியில் அசைவு தெரியும். மகள் குரலெடுப்பதற்கு முன் தூக்கிவிட்டால் மகன் இன்னும் ஒரு மணி நேரம் தூங்குவான். அரை நிமிடம் பிந்தினால் இருவரும் விழித்துக்கொள்வார்கள், அந்த அரை நிமிடத்துக்குப் பொழுது சாயும் வரை வட்டி கட்ட வேண்டியிருக்கும். அவளுக்குக் கேழ்வரகைக் காய்ச்சி ஆற்றி எடுத்து வைத்தால், அதே கிண்ணத்தில்தான் தனக்கும் இட்லி வேண்டும் என்பான் அவன். முற்றத்தில் மணைமேல் அமர்ந்து, கால்களை நீட்டி, எண்ணெய் தேய்த்த குழந்தையைக் கணுக்கால்களுக்கு இடையே கிடத்தி முதல் செம்பு வெந்நீரை ஊற்றும் நேரம் பார்த்துத்தான், கொல்லைப்புறக் கழிப்பறையிலிருந்து "அம்மா, முடிஞ்சிடுச்சு" என்று குரல் வரும். வழுக்கும் குழந்தையை விட்டு எழ முடியாது. கூப்பிடுகிறவனையும் விட்டுவிட முடியாது. அடுத்த நிமிடம் அவனே வாளியோடு புறப்பட்டு வந்துவிடுவான். இரண்டு பிள்ளைகளை வளர்ப்பது ஒரு பிள்ளையை வளர்ப்பதைப்போல் இரு மடங்கு வேலை என்று முன்பு நினைத்திருந்தேன். வேலை ஒன்றும் இரு மடங்காகிவிடவில்லை. கையும் கண்ணும்தான் பாதியாகிவிட்டன.

அவனையும் நான் குறை சொல்ல மாட்டேன். தங்கை பிறந்த அன்று காலை வரை குழந்தையாக இருந்தவனை, மாலையில் மருத்துவமனைக்கு வந்த உறவினர் ஒவ்வொருவரும் "இனிமே நீ பெரிய பையன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வந்த விருந்தாளிகள் எல்லாரும் நான்கைந்து நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துப் பழகியவன், மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் என்னிடம், "பாப்பா எப்பம்மா ஊருக்குப் போகும்?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது; அன்றிரவு அவனைத் தூளியில் போட்டு ஆட்டியபோது சிரிப்பு வரவில்லை. அந்தத் தூளிச் சேலை அவனுக்கு முழங்கால் வரைதான் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்குள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். வெளியே கால் வைத்தால்தான் சிக்கல்.

கடந்த மாதம் ஒரு புதன்கிழமை இருவருக்கும் ஒரே நாளில் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ திரவமும். மகனுக்கு ஐந்து வயதுக்கு மேல் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது ஊக்கத் தவணை. வேறொரு வேலையும் நகரில் இருந்ததால், ஊரிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்குப் போகாமல் நகரத்துக்கே புறப்பட்டேன். டவுன் பஸ்ஸில் எனக்குக் கட்டணமில்லை. ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 2022 முதல் டிக்கெட் தேவையில்லை என்பதால் மகளுக்கும் இல்லை. மகன் ஐந்து வயதைத் தாண்டிவிட்டதால் அவனுக்கு மட்டும் அரை டிக்கெட். தன் கையில் தனக்கென ஒரு சீட்டு இருந்ததில் அவனுக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பேருந்தின் முதற்படி அவன் இடுப்பளவு உயரம். இடுப்பில் ஒன்றும் தோளில் பையுமாக நிற்கிற நான், எஞ்சிய ஒரு கையால் கம்பியைப் பிடிப்பதா, அவனைப் பிடிப்பதா? பின்னால் நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி கேட்காமலேயே அவனைத் தூக்கி உள்ளே விட்டாள். சென்னை, மதுரை, கோவை நகரங்களில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன என்று செய்தியில் படிக்கிறேன். எங்கள் தடத்துக்கு அவை வரும்போது என் பிள்ளைகள் தாமாகவே ஏறிக்கொள்ளும் வயதை எட்டியிருப்பார்கள்.

ஊசி போட்டு, அங்கேயே அரை மணி நேரம் உட்காரவைத்து, காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்தும் தந்து, அட்டையில் தேதி குறித்து அனுப்பினார்கள். செவிலியர் பொறுமைசாலி, அவரிடம் பேசியதில் ஒரு குறையும் இல்லை. திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தை அடைந்தபோது மகள் அழத் தொடங்கினாள். ஊசி போட்ட குழந்தையைப் பால் கொடுத்துத்தான் தேற்ற வேண்டும் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே பாலூட்டும் அறை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டில் இத்தகைய அறைகள் திறக்கப்பட்டபோது, நல்ல காரியம் என்று ஊரே பாராட்டியது நினைவிருக்கிறது. இன்றும் அது நல்ல காரியந்தான். ஆனால் நான் போன நேரத்தில் அறை பூட்டிக் கிடந்தது. சாவி நேரக் காப்பாளர் அறையில் இருந்தது. நிலையத்தின் மறுகோடி வரை நடந்து, வாங்கி வந்து திறந்தோம். உள்ளே ஒற்றை நாற்காலி, அதன் அருகே இரண்டு துடைப்பங்கள், ஒரு பினாயில் கேன். சாவியோடு வந்த துப்புரவுப் பணியாளர் நாற்காலியைத் தன் முந்தானையாலேயே துடைத்துக் கொடுத்தார். பிறகு என் மகனைப் பார்த்து, "ஆம்பளப் புள்ளைய உள்ள விடக்கூடாதும்மா, போர்டு போட்டிருக்கு" என்றார். போட்டுத்தான் இருந்தது: தாய்மார்கள் தவிரப் பிறருக்கு அனுமதியில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விதியை எழுதியவர் வேறு, அதற்காகத் திட்டு வாங்குகிறவர் வேறு.

ஐந்து வயதுப் பையனை, நிமிடத்துக்கொரு பேருந்து பின்னோக்கி நகரும் இடத்தில், எந்தச் சுவரோரம் நிறுத்துவது? நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைத்து, அது விரியாமலும் மூடாமலும் இருக்கும்படி வலது காலால் தாங்கிக்கொண்டு பால் கொடுத்தேன். அந்த ஒரு சாண் இடைவெளியில் அவனுடைய சட்டையின் நீல நிறம் தெரிந்துகொண்டிருந்தது. நான் ஓர் எண் சொல்வேன், அவன் அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நாற்பத்தேழு வரை வந்தோம். நாற்பத்தெட்டு வரவில்லை, நீல நிறமும் இல்லை.

குழந்தையை உதறி எடுத்துக்கொண்டு, சேலை கலைந்த கோலத்தில் வெளியே ஓடினேன். எந்த மறைவுக்காக அந்த அறை கட்டப்பட்டதோ, அந்த மறைவு அந்த நொடியில் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பத்தடி தள்ளிப் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் அவனைத் தன் சாக்கின்மேல் உட்காரவைத்து, கையில் உதிரிப்பூவைக் கொடுத்து எண்ணச் சொல்லியிருந்தார். "நாப்பத்தேழுக்கு அப்புறம் தெரியலியாம், அழுவுறான்" என்றார். நடந்தது அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஆனாலும் ஒரு மாதமாகியும் அந்த இரண்டு நிமிடம் இரவில் என்னை எழுப்பிவிடுகிறது.

அரசின் ஏட்டில் இரண்டு பிள்ளைகள் உண்டு. 'நாமிருவர் நமக்கிருவர்' என்ற வாசகத்தைச் சுவரெங்கும் எழுதி வளர்ந்த நாடு இது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டம், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம், மூன்றாவதற்கு 12 வாரம் என்று விடுப்பை வகுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவியும் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. அது போதாதென்று, மக்கள்தொகையைக் கொண்டு நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும் மறுசீரமைப்பைக் காரணங்காட்டி, சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2025-இல் அரசியல் மேடையிலேயே புதுமணத் தம்பதியருக்கு அறிவுரை கூறப்பட்டது. விடுப்பிலும் உதவித்தொகையிலும் மேடைப் பேச்சிலும் இடம்பெறுகிற அந்த இரண்டாவது பிள்ளை, ஓர் அறை கட்டும்போதும் படி வைக்கும்போதும் கழிப்பறைக் கதவு பொருத்தும்போதும் மட்டும் காணாமல் போய்விடுகிறது. சரியாகச் சொன்னால், காணாமல் போவது இரண்டாவது பிள்ளையன்று. அதைத் தாய் தூக்கி வைத்திருப்பாள். அவள் கைக்கு வெளியே நிற்கிற முதல் பிள்ளைதான்.

கட்டணக் கழிப்பறையைப் பற்றி விரித்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. கைக்குழந்தையை இறக்கிவைக்க ஓர் இடமும் இல்லாத அறைக்குள் ஒரு பெண் எப்படிப் போய்வருவாள் என்பதைப் படிக்கிறவர்களே எண்ணிப் பார்க்கட்டும். நான் வெளியூர் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. பால் கொடுக்கிற தாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கலாமா என்று மாமியார் திட்டுகிறார். அவர் சொல்வது சரிதான்.

இதற்கெல்லாம் கோடிகள் வேண்டாம் என்பதாலேயே தங்கள் பத்திரிகை வழியாக நகராட்சிகளுக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் கேட்கத் துணிகிறேன். பாலூட்டும் அறையில் நாற்காலிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் உட்காரும் உயரத்துக்கு ஒரு சிமென்டுத் திண்ணை கட்டலாம். அறிவிப்புப் பலகையில் 'தாய்மார்களும் அவர்களுடைய சிறு பிள்ளைகளும்' என்று கூடுதலாகச் சில சொற்களை எழுதலாம். ஏழெட்டு வயது வரையுள்ள பையன் தன் தாயின் அருகில் நிற்பதால் யாருக்கும் கூச்சம் வந்துவிடாது, வேண்டுமானால் நடுவே ஒரு திரைச்சீலை தொங்கட்டும். கூரையில் உறுதியான ஒரு கொக்கி அடித்து வைத்தால், எங்களில் எவரும் பையிலுள்ள பழஞ்சேலையை எடுத்து நொடியில் தூளி கட்டிக்கொள்வோம். வெளிநாட்டுப் பாணியில் குழந்தைக் கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டு, ஆறு மாதத்தில் அவை கிழிந்து மூலைக்குப் போவதைவிட இது நீடிக்கும். கழிப்பறைகளில் ஒன்றையாவது, கதவுக்குள் இரண்டு பிள்ளைகள் நிற்கும் அகலத்துக்குக் கட்டலாம். சாவி மட்டும் பூட்டைவிட்டுத் தூரத்தில் இருக்க வேண்டாம். பகலெல்லாம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் கடைக்காரப் பெண்கள் யாரிடமாவது கொடுத்து, அதற்கு மாதம் ஒரு சிறு தொகையும் தரலாம்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்கு இரண்டு வயது நிறைய வேண்டும். அதுவரை சத்துமாவுப் பொட்டலந்தான் வீட்டுக்கு வரும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சட்டம் சொன்னது. நான் வேலை பார்த்த பள்ளியில் ஆசிரியர்கள், ஆயாக்கள், காவலர் எல்லாரையும் சேர்த்தாலும் முப்பதைத் தாண்டாது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் சிலர், அந்தக் காலத்தில் எட்டும் பத்தும் பெற்று வளர்த்தார்களே என்று சொல்லக்கூடும். என் மாமியாரின் தாயார் ஒன்பது பெற்றவர். அவருக்கு இருந்தவர்கள் மூன்று நாத்தனார்கள், ஒரு விதவை அத்தை, திறந்த முற்றம், இருட்டினால் பெயர் சொல்லிக் கூப்பிடும் தெரு. அவர் தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாளாகப் பேருந்து நிலையம் போனதே இல்லை என்று மாமியார் சொல்கிறார். இன்று எனக்கு அந்தப் பூக்கார அம்மாள் இருந்தார். அவர் அன்றைக்குக் கடை போடாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பை அதற்கு மேல் நீட்ட எனக்குத் தைரியமில்லை.

மகளின் அட்டையில் அடுத்த தவணை பதினாறாம் மாதத்துக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அந்தப் புதன்கிழமையும் நான் இதே பேருந்து நிலையத்தில் இறங்குவேன். அப்போது அவள் நடக்கவும் தொடங்கியிருப்பாள். மகனுக்கு இப்போது நூறு வரை எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய்,
காவிரி டெல்டா மாவட்டமொன்றிலிருந்து.