கட்டி எங்கே இருக்கிறது என்றால்

அன்புள்ள கயல்,

போனில் நீ அழுததில் பாதி விஷயம் சொல்லாமலே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அம்மா சிறுநீர்ப்பை என்று சொன்னாள், ஆனால் எனக்கு வந்திருக்கும் கட்டி அங்கே இல்லை. இடது சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்சவ்வு ஒன்றுதான், வரும் புற்றுநோயும் ஒரே இனம். ஆனால் இந்த இனப் புற்றுநோய் வரும் நூறு பேரில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் பையில் இல்லாமல் மேலே வருமாம்.

வலி துளியும் இல்லை, சிறுநீரில் ரத்தம் மட்டும் போனது. ஒருநாள் மண்புழு மாதிரி மெல்லிசாக, நீளமாக ஒரு ரத்தக்கட்டி விழுந்தது. அதைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழாய்க்குள் உறைந்து வந்தால் அந்த வடிவம் வருமாம்.

தீவிரம் குறைந்த சின்னக் கட்டியாக இருந்தால் லேசரில் பொசுக்கிவிட்டுச் சிறுநீரகத்தை விட்டுவைப்பார்கள். எனக்கு வந்திருப்பது 'ஹை கிரேடு', அதாவது தீவிரம் கூடிய வகை. சிறுநீரகம், குழாய், அது பையில் சேரும் இடம் எல்லாவற்றையும் எடுக்கிறார்கள். அதன்பிறகும் பையில் தலைகாட்டலாம் என்பதால் அவ்வப்போது கேமரா விட்டுப் பார்ப்பார்கள்.

உன் மாமா ஆடுதீண்டாப்பாளைக் கஷாயம் குடிக்கச் சொல்கிறார். நல்ல மனிதர், ஆனால் அந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் இந்தப் புற்றுநோயையே வரவழைக்கக்கூடியது! 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க இதே இனத்து மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னால் இதே புற்றுநோயும் வந்தது. அவரிடம் நீயே பக்குவமாகச் சொல். நான் சொன்னால் சண்டை வரும்.

இப்போது உன் விஷயம். பெரியப்பாவுக்கு நாற்பத்து நாலு வயதில் குடலில் புற்றுநோய், அப்பத்தாவுக்குக் கர்ப்பப்பையில். இதையெல்லாம் டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்று பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு ஒன்று உண்டாம்; அது இருந்தால் இந்த மூன்றும் வரலாம். ஆபரேஷனில் எடுக்கும் கட்டியை அதற்கும் சோதிப்பார்கள். சந்தேகம் வந்தால் என் ரத்தத்தில் பார்ப்பார்கள். எனக்கு உறுதியானால் உனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போது நீ கொடுக்க வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனைதான். இருந்தாலும் பயந்து சாக வேண்டாம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியை ஒழுங்காகச் செய்துவந்தால் குடலில் வருவதை முளையிலேயே கிள்ளிவிடலாம்.

ஆபரேஷனுக்கு லீவு போட்டு ஓடிவராதே, தம்பி இருக்கிறான். அந்த லீவைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள். ரிசல்ட் வந்ததும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரைப் பார்.

அப்பா