ஏ.சி.யில் கேஸ் எங்கே கசிகிறது என்று பார்க்காமலே சர்வீஸை முடித்துவிட்டீர்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கோடை முடிவில் செய்ய வேண்டிய ஏ.சி. சர்வீஸைச் செய்யாமல் 'முடிந்தது' என்று பதிவு செய்தது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.க்கு உங்களிடம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். கோடை முடிந்ததும் ஒரு முழு சர்வீஸ் உண்டு என்று அதில் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சர்வீஸுக்காகத்தான் இவ்வளவு அலைச்சல். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் புது ஆள் எடுக்கிறார், நானும் முதலிலிருந்து கதையைச் சொல்கிறேன். இனிமேல் சொல்லத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அதன் உள்ளே காற்றைக் குளிரவைக்கும் காயிலில் ஐஸ் கட்டுகிறது. குளிர் பாதிகூட வருவதில்லை. இந்த மூன்றையும் கேட்டாலே எங்கே கை வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றுப் போகும் வழி தூசியால் அடைபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கேஸ் குறைந்திருக்க வேண்டும். தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் பைப்பில் பாசி அடைத்திருந்தாலும் தண்ணீர் உள்ளே வழியும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, நீங்கள் செய்து விற்ற பொருள் இது.

நீங்கள் அனுப்பிய டெக்னீஷியனுக்காக ஆபீஸுக்கு லீவு போட்டுக் காத்திருந்தேன். காலையில் வருவதாகச் சொன்னவர் சாயங்காலம் வந்தார். ஏணி இல்லை. அவுட்டோர் யூனிட் உயரத்தில் இருக்கிறது என்று புகார் பதியும்போதே சொல்லியிருந்தேன், அது அவரிடம் போய்ச் சேரவே இல்லை. "முதல்ல ஓடிபி சொல்லுங்க மேடம், அப்பத்தான் வேலையை ஆரம்பிக்க முடியும்" என்றார். சொன்னேன். ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் காட்டி மாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த ஃபில்டரை மாதம் தவறாமல் நானே கழுவுகிறேன். காயிலைத் தொடவில்லை, காற்றைத் தள்ளும் புளோயரில் அப்பியிருக்கும் அழுக்கைப் பார்க்கவில்லை, டிரெய்ன் பைப்பை ஊதிக்கூட விடவில்லை. அவர் படி இறங்குவதற்குள் 'உங்கள் சர்வீஸ் வெற்றிகரமாக முடிந்தது' என்று எனக்கு மெசேஜ் வந்துவிட்டது.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கஸ்டமர் கேரில் பேசிய அந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. கோடை நடுவில்தானே கேஸ் நிரப்பினார்கள், அதற்குள் எப்படிக் குறைந்தது என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "ஏ.சி.ன்னா கேஸ் குறையத்தான் செய்யும். தொழில் தெரிஞ்சது எங்களுக்கா, உங்களுக்கா?" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏ.சி.யின் கேஸ் என்ன, வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்தா தீர்ந்துபோகிறது? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அன்றைக்கு நிரப்ப வந்தவரிடம், காப்பர் பைப் இணைப்பில் எண்ணெய்க் கறை படிந்திருப்பதை நானே காட்டினேன். சோப்பு நுரை வைத்துப் பார்க்கக்கூட அவருக்கு மனமில்லை. எத்தனை கிராம் கேஸ் என்று யூனிட்டின் லேபிளில் எழுதியிருக்கிறது, அவரிடம் தராசே இல்லை. இதிலுள்ள கேஸ் ஆர்-32, தீப்பற்றக்கூடிய வகை என்று எச்சரிக்கை ஒட்டியிருப்பதும் நீங்கள்தான். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போலச் சுமார் 675 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. அதை என் செலவில் காற்றில் கலக்க விட்டிருக்கிறீர்கள்!

இந்தக் கோடையே எங்களுக்கு நாசமாகிவிட்டது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு, ஒரு இரவுகூட அவர் நிம்மதியாகத் தூங்கவில்லை. சொட்டிய தண்ணீரில் கீழேயிருந்த மர அலமாரி ஊறி உப்பிவிட்டது, உள்ளே இருந்த போட்டோ ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எத்தனை பணம் கொடுத்தாலும் அவை திரும்பி வராது.

தயவுசெய்து என் அவசரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இனி சில மாதங்களுக்கு ஏ.சி.யை நிறுத்தி வைக்கப் போகிறோம். அதற்கு முன்னால் ஃபேன் மோடில் ஓட்டி உள்ளே காயவைத்து, பிரேக்கரை அணைத்து, ரிமோட்டின் பேட்டரியை எடுத்து வைப்பது என் வேலை, அதை நான் செய்துகொள்கிறேன். ஆனால் அழுக்கும் ஈரமும் சேர்ந்த காயிலை இப்படியே மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அடுத்த கோடையில் அந்தக் காற்றை அம்மா சுவாசிக்க வேண்டுமா?

7 நாட்களுக்குள் அனுபவமுள்ள ஒருவரை அனுப்புங்கள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்க வேக்யூம் போட்டு, எடை பார்த்துக் கேஸ் நிரப்ப வேண்டும். இன்டோர், அவுட்டோர் இரண்டு காயில்களையும் டிரெய்ன் பைப்பையும் சுத்தம் செய்ய வேண்டும். அன்று நிரப்பியதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கஸ்டமர் கேரில் இணைப்பைத் துண்டித்த அந்த அழைப்பின் பதிவு உங்களிடமே இருக்கும், அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு அவரை என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஜாப் ஷீட், போட்டோக்கள், உங்கள் மெசேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அந்த நிலை வராது என்று இன்னமும் நம்புகிறேன்.

வருபவர் ஏணியும் தராசும் கொண்டுவரட்டும். வேலை முழுவதும் முடிந்து நான் பார்த்த பிறகுதான் ஓடிபி தருவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒப்பந்த வாடிக்கையாளர்