சொம்பும் சித்திரமும்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஓவிய வகுப்பை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் கணக்கு நடத்துகிறார்கள். கேட்டுப் பார்த்தேன், பலனில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களோடு பொழுது போகிறது.

யாழினி விஷயத்துக்கு வருகிறேன். நாம் படித்த சென்னை கவின் கலைக் கல்லூரியிலேயே சேர்வதா, டிசைன் படிக்க அகமதாபாத்துக்கு முயற்சி செய்வதா என்று தவிக்கிறாள் என்கிறாய். "கலை கேள்வி கேட்கும், டிசைன் பதில் சொல்லும், எது பிடிக்கிறதோ அதற்குப் போ என்று சொல்லிவிட்டேன்" என்றும் எழுதியிருக்கிறாய். இந்தப் பங்கீட்டை என்னால் ஏற்க முடியவில்லை, வசந்தா. இருபது வருஷமாகப் பொருள்களை வடிவமைக்கிறவள் நீ. உன் வேலையில் பாதி கேள்விதானே?

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியை நம் அரசாங்கம் அழைத்துவந்து அறிக்கை கேட்டதல்லவா, 1958இல்? அதைத் தொடர்ந்துதான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களிலேயே ஆகச் சிறந்ததாக அவர்கள் சொன்னது லோட்டாவை, அதாவது நம் சொம்பை. அதோடு விடவில்லை. இப்படி ஒன்றைப் புதிதாக வடிவமைக்க உட்கார்ந்தால் எதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும்? தூக்குவது ஆணா, பெண்ணா, குழந்தையா? தலையிலா, இடுப்பிலா, கையிலா? நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், காலியாகும்போது எங்கே? உள்ளங்கைக்கு எப்படி இருக்கும்? இன்னொரு பாத்திரத்தில் இடித்தால் என்ன சத்தம் வரும்? உடைந்து போனால் அந்த உலோகம் என்ன விலைக்குப் போகும்? இவ்வளவையும் ஒரே ஆள் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

ரசம் வைக்கும் வெள்ளீயச் சொம்பை நினைத்துப் பார். வெறும் பாத்திரமாக அடுப்பில் வைத்தால் உருகிப்போகும். முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் தீயில் ஏற்ற வேண்டும் என்பது சமைக்கிறவளுக்குத் தெரியும். அந்த அறிவும் சேர்ந்ததுதான் அந்தப் பாத்திரம். பயனை மனதில் வைத்து ரசிப்பது தூய ரசனை ஆகாது என்று ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1790இலேயே எழுதிவைத்தார். கல்லூரியில் நானும் அதை நம்பினேன். இப்போது என் அனுபவம் வேறு. விரல்கள் சுற்றிப் பிடிக்கவும், நடக்கும்போது தண்ணீர் தளும்பாமல் இருக்கவும்தான் கழுத்து அப்படி ஒடுங்குகிறது என்று தெரிந்த பிறகு, அந்தக் கோடு என் கண்ணுக்கு முன்னைவிட அழகாகிவிட்டது.

அப்படியானால் கலையும் டிசைனும் ஒன்றா? இல்லை. ஊற்றும்போது வயிற்றில் வழிகிற சொம்பை வாங்கினவர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். என் ஓவியம் தோற்றால் யார் கையும் நனையாது. அது தோற்றுவிட்டது என்று நானேதான் கண்டுபிடிக்க வேண்டும், நானே கிழிக்க வேண்டும். இதனால் ஓவியம் உயர்ந்தது என்று சொல்லவரவில்லை. பரீட்சை வைப்பவர் யார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

நம் கல்லூரியின் கதையையே யாழினிக்குச் சொல். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது, கொஞ்ச காலத்திலேயே அது கைத்தொழில் பள்ளி ஆனது. 1898இல் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். நாடு முழுக்க ஏழை வீட்டு அடுப்புக்குப் போன பாத்திரத்தின் பூர்வீகம் நாம் களிமண் பிசைந்த அந்த வளாகம்! அங்கே முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி அவ்வளவு பேசினார்களே, இதை ஒருவர்கூட நமக்குச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்.

பணிக்கரே இந்த இரண்டையும் பிரிக்கவில்லை. 1966இல் அவரும் மாணவர்களும் சென்னைக்குப் பக்கத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாடிக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில்தான் ஓவியர்கள் வாழ்ந்தார்கள். பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டால் போ என்று கான்வாஸை வைத்துக்கொண்டு காத்திருக்கும் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்தது அந்தத் துணிதான். வாங்குபவருக்குப் பதில் சொல்லும் வேலை, யாருக்கும் பதில் சொல்லாத வேலையைக் காப்பாற்றியது. கைப்பழக்கம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் திரும்பி வந்தது என்றும் நினைக்கிறேன். சோழமண்டலத்துச் சிற்பி பி.வி. ஜானகிராமின் சிற்பங்களைப் பார், செம்புத் தகட்டைத் தட்டி, கம்பிக்கோடுகளைப் பற்றவைத்தது. பாத்திரக்காரரின் சுத்தியல் சத்தம் அதில் எனக்குக் கேட்கிறது.

யாழினி எங்கே வேண்டுமானாலும் படிக்கட்டும். ஆனால் ஓவியத்துக்குப் போனால் ஒரு பட்டறையில், பித்தளையோ மரமோ தறியோ, உட்கார்ந்து வேலை பழகட்டும். டிசைனுக்குப் போனால் தினமும் யாரும் கேட்காத ஒரு படம் வரையட்டும். இதில் நீ கண்டிப்பாக இரு. அவள் அனுப்பிய மாட்டுவண்டிச் சக்கரப் படத்தில் ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக் குடத்தில் சேரும் இடத்தை அவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறாள். இரண்டு பக்கமும் போகக்கூடிய கண் அது.

லீவில் அவளை அழைத்துக்கொண்டு இங்கே வா. முதல் நாள் ஈஞ்சம்பாக்கம், மறுநாள் கும்பகோணம் போய் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்ப்பதைப் பார்க்கலாம். ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், தேதியை மட்டும் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
செல்வி