மாத்திரையை எடுத்துக்கொள்ளப் போகிறேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எனக்கு வரும் மனக்கொந்தளிப்புக்கு, நீ வேண்டாமென்று தடுத்த மாத்திரையை இந்த மாதம் முதல் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான்; மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வழியாக வேலை செய்வது. ஆனால் கருமுட்டை வெளிவந்த பின் மாதவிலக்கு தொடங்கும் வரை மட்டும். மனச்சோர்வில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பலன், இதில் சில நாட்களிலேயே தெரியுமாம்.

உன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் அன்று நான் பேசிய சொற்களை இங்கே எழுதவில்லை. காலையிலிருந்தே மார்பு கனத்து வலித்தது, மோதிரம் விரலைவிட்டுக் கழலவில்லை, ஆரத்தித் தட்டை யார் பிடிப்பது என்ற அற்பப் பேச்சுக்கு அழுகையும் கத்தலும் சேர்ந்தே வந்தன. அப்போது நீ பந்தலில் இருந்தவர்களைப் பார்த்து, "விடுங்க, அவளுக்கு நாள் நெருங்கிடுச்சு, பொம்பளைங்க எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய் என்று தெரியும், கத்தியதற்கு மன்னித்துவிடு. ஆனாலும் அந்தச் சிரிப்பைத் தொடங்கிவைத்தவள் நீதான்.

நாளைச் சரியாகச் சொன்னாய், மற்றதுதான் தவறு. 1998இல் வெளியான அமெரிக்க தேசிய மனநல நிறுவன ஆய்வொன்றில், இத்தொல்லை உள்ள பெண்களுக்குச் சினைப்பையின் இயக்கத்தை மருந்தால் நிறுத்தியபோது பலருக்கு அறிகுறிகள் தணிந்தன. அவர்களுக்குச் சினைப்பை சுரக்கும் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜெனையோ புரோஜெஸ்டிரோனையோ திரும்பக் கொடுத்ததும் அவை மீண்டும் தலைதூக்கின. தொல்லையற்ற பெண்களுக்கு அதே மருந்தும் அதே ஹார்மோனும் கொடுத்தும் மனநிலை மாறவில்லை. ஆகவே உனக்கும் எனக்கும் சுரப்பது ஒரே அளவாக இருக்கலாம்; அதன் ஏற்ற இறக்கத்தை என் மூளைதான் தாங்குவதில்லை. புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள், மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகள் வழியாகப் பிறரை அமைதிப்படுத்துவதுபோல் என் போன்றவர்களை அமைதிப்படுத்துவதில்லை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதற்குக் காரணம் அம்மா சொல்லும் உடல் சூடும் இல்லை, நீ சொல்லும் செல்லமும் இல்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதன் கடுமையான வடிவத்தைத் மனநோய்களை வரையறுக்கும் தன் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்துவிட்டது.

இரண்டு மாதம் அறிகுறிகளை அன்றாடம் குறித்துக் காட்டிய பிறகுதான் மருத்துவர் எனக்கு இந்நோயை உறுதிசெய்தார். நாளை உன் மகள் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அவளிடமும் அந்த வசனத்தைச் சொல்லாமல், குறித்துவைக்க ஒரு நோட்டு வாங்கிக் கொடு. விழா வீடியோவைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்புமுன் அந்த இடத்தை வெட்டச் சொல். இதை நான் உன்னிடம் கேட்க வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

உன் தங்கை