ஹெடர் விற்பவர்கள் அளந்த தாளையும் சேர்த்துத் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரவில் திருகோணமலை உவர்மலைப் பக்கமும் உட்துறைமுக வீதியிலும் காது கிழியச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும் கார்களைப் பற்றி வாசகர்கள் எழுதியதை உங்கள் பத்திரிகையில் பார்த்தேன். கோபம் நியாயமானது, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரருக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஆனால் ஹெடர், அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி, என்றாலே சத்தத்துக்காகப் பூட்டுகிற சாமான் என்று எழுதியிருப்பதைப் பார்க்க, பல வருடமாக எக்ஸோஸ்ட் வேலை செய்கிற எனக்கு மனம் கேட்கவில்லை. ஹெடர் அளந்து செய்கிற சாமான். செய்தபின் வேலை செய்கிறதா என்பதையும் அளந்துதான் சொல்ல வேண்டும். நம்மூரில் இந்த இரண்டும் நடப்பதில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கார் கம்பனியிலிருந்து வரும்போது எஞ்சினில் இருப்பது பெரும்பாலும் வார்ப்பு இரும்பிலோ மெல்லிய தகட்டிலோ செய்த, எல்லாச் சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே விடும் கட்டையான மனிஃபோல்ட். இடம் மிச்சம், செலவு குறைவு, அதனால் அப்படி. ஸ்போர்ட்ஸ் காருக்கு அதைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் வைத்து, எல்லாவற்றையும் கலெக்டர் என்கிற ஓர் அகலமான குழாயில் சேர்ப்பதுதான் ஹெடர். எக்ஸோஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. கலெக்டரில் குழாய் திடீரென்று அகலமாகும் இடத்தில் அது இழுக்கிற அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்பி வருகிறது. இன்டேக் வால்வும் எக்ஸோஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் இழுப்பு கிடைத்தால் மிச்சப் புகை வெளியே போய், புதுக் காற்று கூடுதலாக உள்ளே வரும். ஹெடர் தருகிற வலுவில் பெரும் பங்கு இந்த நேரக்கணக்கில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கம் என்று பாருங்கள். சூடான புகைக்குள் அலை ஒரு செக்கனில் ஏறக்குறைய 550 மீற்றர் ஓடும். 6000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில், எஞ்சினின் பிரதான தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லிசெக்கன். குழாயை 10 சென்ரிமீற்றர் நீட்டினால் அலை போய்வர 20 சென்ரிமீற்றர் கூடும், அதாவது கிராங்க் கணக்கில் ஏறத்தாழ 13 பாகை பிந்தும். அளக்காமல் கண் மட்டத்துக்கு வெட்டி ஒட்டுகிற குழாய்களில் நாலுக்கும் நாலு நீளம் வந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு நேரத்தில் இழுப்பு வரும், ஒரு வேகத்திலும் உருப்படியாக வராது. நீளம் கூடினால் அந்த நன்மை கீழ் ஆர்.பி.எம். பக்கம் போகும், குறைந்தால் மேல் பக்கம் போகும். எந்த வேகத்தில் வலு வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்காமல் ஒருவர் குழாய் வெட்டத் தொடங்கினால் அந்தக் கராஜில் காரைக் கொடுக்காதீர்கள்.

விட்டமும் அப்படித்தான். "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்", அதாவது புகை போகிற வழியில் கொஞ்சம் எதிர் அழுத்தம் வேண்டும் என்று நம்ம பெடியன்கள் எல்லோரும் சொல்வார்கள். எந்த எஞ்சினுக்கும் பேக் பிரஷர் நல்லதல்ல. பெரிய குழாய் போட்டபிறகு கீழ் வேகத்தில் கார் சோர்ந்து போவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் புகையின் ஓட்ட வேகம் விழுந்ததும் அலையின் நேரம் கெட்டதும். 1600 சிசி எஞ்சினின் ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 2 அங்குலக் குழாய் போட்டுவிட்டு, பிறகு சைலன்சரில் தகடு வைத்து அடைத்துத் தரும் வேலையை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சலாக இருந்தது.

நேர்வரிசை நாலு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் 1-3-4-2 என்ற ஒழுங்கில் வெடிக்கும். 1-ம் 4-ம் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வெடிப்பதால் அவை ஒரு சோடி, 2-ம் 3-ம் மற்றச் சோடி. இப்படிச் சோடி சேர்த்துப் பிறகு ஒன்றாக்குகிற நாலு-இரண்டு-ஒன்று முறை நடு வேகத்தில் பரவலாக இழுக்கும், நாலையும் நேரே ஒன்றாக்கினால் உச்ச வேகத்துக்கு நல்லது. 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நாலு தடவை லே மான்ஸ் 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தை வென்ற ஃபோர்ட் ஜிடி40 காரின் பின்பக்கப் படத்தை யாராவது பார்த்திருந்தால், வலது பக்கக் குழாய் இடது பக்கம் போவதும் இடது வலது பக்கம் வருவதுமாகப் பின்னிக்கிடப்பது ஞாபகம் வரும். அழகுக்காக அப்படி வளைக்கவில்லை. பக்கத்துக்கு நாலாக எட்டுச் சிலிண்டர் உள்ள அந்த வி8 எஞ்சினில் ஒரே பக்கத்துச் சிலிண்டர்கள் ஒழுங்கில்லாத இடைவெளியில் வெடிக்கும், குழாய்களைக் குறுக்கே கொண்டுபோனால்தான் ஒரு கலெக்டருக்குச் சீரான இடைவெளியில் புகை வந்து சேரும்.

செய்கிற கைவேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், திருகோணமலையில் நல்ல வெல்டர்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் குழாயை டிக் வெல்டிங்கில் ஒட்டும்போது காற்றுப் படாமல் காக்கும் ஆர்கன் வாயுவை வெளியில் மட்டும் காட்டினால் போதாது, குழாய்க்குள்ளேயும் ஆர்கன் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கத் தையல் கருகிய சீனி மாதிரிப் பொருக்குத் தட்டும். வெளியே மினுங்கும் தையலைப் பார்த்து வாங்கிவிடுவோம், உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும். 80 சென்ரிமீற்றர் ஸ்டெயின்லெஸ் குழாய் 600 பாகை சூடேறினால் 8 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். நாலு குழாயும் விறைப்பாக ஒட்டிக் கிடந்தால் அந்த நீட்சி எங்கே போகும்? எஞ்சினோடு பூட்டுகிற தட்டான பிளாஞ்ச் பக்கத்துத் தையலில்தான் வெடிப்பு விழும். அதனால்தான் கலெக்டரில் ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற மாதிரிப் பொருத்தி ஸ்பிரிங் போடுகிறார்கள். பிளாஞ்சும் ஒட்டியபின் கோணும், காஸ்கட் கசிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அது. லேத்துக்காரரிடமோ மில்லிங் இருக்கிற இடத்திலோ கொடுத்து முகத்தைச் சமப்படுத்தியே பூட்ட வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்காற்றில் சாதாரண இரும்புக் குழாய் தையலிலிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, செய்தாயிற்று. வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? நம்மூரில் காதால் தீர்ப்புச் சொல்கிறார்கள். நன்றாகச் செய்த ஹெடர்கூடப் பல கார்களில் ஒற்றை இலக்கக் குதிரைவலுதான் கூட்டும். காலையில் 25 பாகையில் ஓட்டிய 150 குதிரைவலு எஞ்சின், பின்னேரம் 35 பாகை வெயிலில் காற்று ஐதாகிய காரணத்தால் மட்டும் 3 குதிரைவலு அளவு குறைத்துக் காட்டும். ஆகவே பழைய மனிஃபோல்டுடன் நேற்றும் புது ஹெடருடன் இன்றும் ஓட்டிவிட்டு "ஏறிட்டுது" என்றால் அதற்கு அர்த்தமில்லை. ஒரே நாளில், வலுவை அளக்கும் இயந்திரமான ஒரே டைனோவில், ஒரே கியரில், தண்ணீரும் எண்ணெயும் ஒரே சூட்டுக்கு வந்தபின், முன்பும் பின்பும் மூன்று மூன்று ஓட்டமாவது எடுக்க வேண்டும். இடையில் ஹெடர் தவிர வேறு எதையும் மாற்றக்கூடாது. காற்று எரிபொருள் விகிதத்தையும் பக்கத்தில் பதிய வேண்டும், ஏனென்றால் கூடுதலாக உள்ளே வந்த காற்றுக்கு ஏற்ப பெற்றோல் வராவிட்டால் எஞ்சின் ஐதாக ஓடிப் பிஸ்டன் உருகுகிற நிலைக்கும் போகலாம். வரைபடத்தில் உச்சியை மட்டும் பார்க்காமல் 3000-க்கும் 5000 ஆர்.பி.எம்.முக்கும் இடையில் டோர்க் என்கிற சுழற்று விசை எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள், வீதியில் ஓட்டுவது அங்கேதான்.

டைனோவுக்குக் கொழும்புப் பக்கம் போக வேண்டும், எல்லோருக்கும் இயலாது, அது தெரியும். ஆனால் ஒட்சிசன் சென்சர் துளையில் அழுத்தமானி பூட்டி பேக் பிரஷர் பார்க்கலாம், வெப்பமானித் துவக்கால் நாலு குழாயின் சூட்டையும் ஒப்பிடலாம், வால் குழாயைத் துணியால் பொத்திக் கசிவு எங்கே என்று கேட்கலாம். இதற்கு நம்மூர்க் கராஜே போதும்.

இப்போதைய பல கார்களில் புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் மனிஃபோல்டோடு சேர்ந்தே வருகிறது. ஹெடர் பூட்டும்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டு, புகைப் பரிசோதனை நேரத்தில் பழையதை மாற்றிப் பூட்டிக்கொள்கிறார்கள். அது ஊரின் காற்றுக்குச் செய்யும் துரோகம். ஹெடருக்குப் பின்னால் கொன்வேர்ட்டரும் ஒழுங்கான சைலன்சரும் வைத்தே வலு எடுக்கலாம். கட்டுகுருந்தவிலோ தியத்தலாவையிலோ பந்தயம் ஓட்டுகிற காரின் கணக்கு வேறு, வீதியில் ஓடுகிற காரின் கணக்கு வேறு.

உங்களிடம் கேட்பது இதுதான். சத்தத்தைப் பற்றி எழுதுகிற இடத்தில் வாரம் ஒரு தடவையாவது வாகனத் தொழில்நுட்பத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். இங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரி வெல்டிங் மாணவருக்குக் குழாய்க்குள் ஆர்கன் நிரப்பி ஒட்டுகிற பயிற்சியையும், மோட்டார் மாணவருக்கு அளந்து பதிகிற பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். ஹெடர் வாங்குகிற தம்பிமார், குழாய் நீளம், விட்டம், முன்பின் அளவுகள் எழுதிய ஒரு தாளைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தர மறுத்தால் காசைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எக்ஸோஸ்ட் வேலை செய்யும் ஒரு வாசகன்,
உப்புவெளி, திருகோணமலை.