அந்த வரைபடத்தைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ரோமானிய வணிகக் கூடத்தின் சுவரில் உள்ள வரைபடத்தைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன், பதில் வரவில்லை. போன வாரம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்தபோதும் அது அப்படியேதான் இருந்தது. அதனால் இந்தத் திறந்த மடல்.

ரோமிலிருந்து கிளம்பும் சிவப்பு அம்புக்குறி எகிப்தின் மேலேயே ஏறி வந்து நேராக நம் கரையில் முடிகிறது. நடுவில் ஒரு துறைமுகம்கூட இல்லை. "அவங்கதான் வந்தாங்களா? நம்ம ஆளுங்க போகவே இல்லையா சார்?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். கைவைத்துக் காட்ட அந்தச் சுவரில் எதுவும் இல்லை.

போயிருக்கிறார்கள், ஐயா. கி.மு. 30இல் எகிப்து ரோமின் கைக்குப் போனது. அதன் செங்கடல் கரையில் பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ் என்று இரண்டு துறைமுகங்கள். மியோஸ் ஹோர்மோஸிலிருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குக் கிளம்பியதாக அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். அந்த ஊர் இருந்த குசைர் அல் காதிமில் கிடைத்த பானை ஓட்டில், தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' (உறியில் தொங்கவிடும் பானை) என்று இருப்பதைப் படித்துச் சொன்னவர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். கணன், சாதன் என்ற தமிழ்ப் பெயர்களும் அங்கே கிடைத்தன. பெரெனிகேயின் செராபிஸ் கோயிலில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. இப்படி இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி நைல் கரை ஊரான கோப்தோஸுக்கும், பிறகு நைல் வழியாக அலெக்சாண்டிரியாவுக்கும் போய், அப்புறம்தான் ரோமுக்குக் கப்பல் ஏறியது. உங்கள் அம்புக்குறி விழுங்கிவிட்டது இந்த வழியைத்தான்.

அந்த இரண்டு துறைமுகங்களையும் குறியுங்கள் என்றுதான் கேட்கிறேன். கூடத்துக்குப் புது விளக்குகள் வந்துவிட்டன, குளிர்சாதனம் வந்துவிட்டது. காசுகளுக்குக் கீழே உள்ள குறிப்புகள் மட்டும் மங்கிப்போய், கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தால்தான் படிக்க முடிகிறது. ரோமானியக் காசுக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. கடல் தாண்டிப் போன கணனுக்கும் சாதனுக்கும் ஒரு வரிகூட இல்லை. இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போக மனம் வரவில்லை.

சரி, குறிப்புகளைப் பிறகுகூட மாற்றலாம். முதலில் பெரெனிகேயையும் மியோஸ் ஹோர்மோஸையும் வரைபடத்தில் சேர்த்து, அம்புக்குறியை இரு பக்கமும் போடுங்கள். தை மாதம் அடுத்த வகுப்பை அழைத்து வருகிறேன். அதற்குள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்